இரண்டாவது கை

ஜூன் 2, திங்கள்

இந்த டைரி ஹார்டுவேர் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஐந்து மாதமாகப் பீரோ மேல் கிடந்தது. இன்று புரட்டிப் பார்த்தால் ஜூன் மாதத்துக்கு 31-ஆம் தேதி என்று ஒரு பக்கம் அச்சாகியிருக்கிறது. ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. சுலோசனாவிடம் காட்டினேன். "ஒரு நாள் சேத்தித்தானுங்க குடுத்திருக்கறாங்க, வாங்கிக்குங்க" என்றாள். அவளுக்கு எல்லாமே இப்படித்தான்.

எங்கள் மின்னஞ்சல் மடற்குழுவில் எழுதினால் பதில் வருவதில்லை. இங்கே எழுதினால் பதிலை எதிர்பார்க்க வேண்டியதே இல்லை. அதனால் இனி இங்கேயே எழுதிக்கொள்கிறேன்.

யாராவது பிற்காலத்தில் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: என் பெயர் குமரகுரு. வயது நாற்பத்தொன்பது. நெசவு இயந்திரக் கம்பெனியில் மென்பொருள் சோதிப்பது என் உத்தியோகம். அது சோற்றுக்கு. உயிரோடு இருப்பது 'அஞ்சறை'க்கு. பதினாறு வருடத்துக்கு முன் இதே கோயமுத்தூரில் ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்த டேட்டாபேஸ் அது. இலவசம். அதன் நிரல் யார் கண்ணுக்கும் திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தம் (பேட்ச் என்பார்கள்) எழுதி அனுப்பலாம். பழைய கம்ப்யூட்டரிலும் மூச்சு வாங்காமல் ஓடும் என்பதால் நூலகங்கள், அறக்கட்டளைகள், சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகள் வைத்திருக்கின்றன.

அஞ்சறைக்கு ஒரே ஒரு விதி உண்டு. பராமரிப்பாளர் பட்டியலில் உள்ள இருவர் கை படாமல் ஒரு வரிகூட உள்ளே போகாது. ஒருவர் எழுதி அனுப்ப வேண்டும், இன்னொருவர் படித்துவிட்டுக் கீழே 'பார்த்தேன்' என்று போட வேண்டும். வெளியாள் அனுப்பினால் பட்டியலில் உள்ள இருவரும் போட வேண்டும். பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கும் எடுப்பதற்கும், ஏன், இந்த விதியையே மாற்றுவதற்கும் இதே விதிதான். எழுதியவன் நான். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட மீறியதில்லை.

பட்டியலில் இப்போது இரண்டு பெயர்கள். நானும் நாகர்கோவில் ரெஜினாவும். ரெஜினா ஜனவரியிலிருந்து எதற்கும் பதில் போடவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

ஜூன் 5, வியாழன்

ஈரோட்டிலிருந்து பூங்கொடி அழைத்தார். தலசீமியா குழந்தைகளுக்காக அறக்கட்டளை நடத்துபவர். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றினால்தான் அந்தக் குழந்தைகள் நடமாட முடியும். யார் என்ன ரத்தம், யார் கடைசியாக எப்போது கொடுத்தார், மறுபடி எப்போது கொடுக்கலாம் என்கிற பதிவேடு முழுக்க அஞ்சறையில் இருக்கிறது. ஒன்பது வருடமாக.

"ஏனுங்க சார், நேத்து அடிச்ச காத்துல கரண்டு போயிருச்சுங்க. வந்ததுக்கப்புறம் பாத்தா, முகாம்ல ஏத்துன பதினாலு பேரைக் காணோமுங்க."

"சேமிச்சீங்களா?"

"சேமிச்சனுங்க. 'சேமித்தாயிற்று'னு அதுவேதானுங்க சொல்லுச்சு."

யு.பி.எஸ். பேட்டரியைப் பாருங்கள் என்றேன். ஜனங்களுக்குப் பேட்டரியைக் கவனிக்கத் துப்பில்லை, டேட்டாபேஸைக் குறை சொல்ல வந்துவிடுகிறார்கள். இதை அவரிடம் சொல்லவில்லை. இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிற மாதிரி ஒன்றைச் சொன்னேன்.

ஜூன் 9, திங்கள்

மனசு கேட்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து ஹாலில் வைத்து, பதிவு ஏற்றி, 'சேமித்தாயிற்று' என்று வந்ததும் பிளக்கைப் பிடுங்கினேன். இருபது தடவை. ஆறு தடவை பதிவு இல்லை.

விஷயம் இதுதான். வேகத்துக்காக நாங்கள் என்ன செய்திருக்கிறோம் என்றால், டிஸ்க் வாங்கிக்கொள்வதற்கு முன்பே 'சேமித்தாயிற்று' என்று சொல்லிவிடுகிறோம். ஓட்டல்காரன் அடுப்பில் வைப்பதற்கு முன்பே "ரெடி சார்" என்பதைப் போல. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் போனதுதான்.

தப்பு பூங்கொடியின் பேட்டரியில் மட்டும் இல்லை. இருபதாவது தடவை பிடுங்கும்போது சுலோசனா, "அது செத்தே போச்சுங்க, உடுங்க" என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

சிறுவாணித் தண்ணீர் இன்றும் வரவில்லை. கேஸ் புக் செய்தேன்.

ஜூன் 14, சனி

இரண்டாம் சனிக்கிழமை, அஞ்சறைக் கூட்டம். ராம்நகரில் தட்டச்சுப் பயிலகத்தின் மாடி அறை. முன்பெல்லாம் நாற்காலி போதாமல் தட்டச்சு மேஜை மேல் உட்காருவார்கள். இன்று மூன்று பேர். ஒருவர் மழைக்கு ஒதுங்கியவரோ என்று சந்தேகம். தேங்காய் பன் பத்து வாங்கியிருந்தேன். ஏழைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

ரெஜினா இந்தக் கூட்டங்களுக்கு நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி வந்த காலம் உண்டு. கடைசியாக வந்தது டிசம்பரில், ஆண்டுக் கூட்டத்துக்கு. ஒரு கல்லூரி அரங்கில் நடந்தது, நாற்பது பேர் இருந்தார்கள். அவள் ஒரு திருத்தம் வைத்தாள், நான் விமர்சனம் செய்தேன். வழக்கமாக நடப்பதுதான். பிறகு அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். ஒரு தொழில்நுட்ப விஷயத்தை மனசில் வைத்துக்கொள்கிற ஆள் என்று நான் நினைக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

என் திருத்தம் தயார். வேகமும் குறையாது, பதிவும் போகாது. கொஞ்சம் சாமர்த்தியமான வேலை. சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன். மடற்குழுவில் போட்டுவிட்டு ரெஜினாவுக்குத் தனியாகவும் எழுதினேன்: "அவசரம். ஒரு 'பார்த்தேன்' மட்டும் போதும்." பூங்கொடியிடமும் சரிசெய்துவிட்டேன் என்று சொல்லிவைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

பதில் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஜமாலுதீனைப் போய்ப் பார்த்தேன். ஐந்து பேரில் ஒருவன், கல்லூரியிலிருந்து நண்பன். மூன்று வருடத்துக்கு முன் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டான். உக்கடத்தில் அவன் வீட்டுக்குப் பக்கத்தில் பேக்கரியில் உட்கார்ந்தோம். மறுபடி பட்டியலுக்கு வா, ஒரே ஒரு திருத்தத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போய்விடு என்றேன். உன்னைச் சேர்ப்பதற்கு ரெஜினா கையும் வேண்டும், அதை நான் எப்படியாவது வாங்கிவிடுகிறேன் என்றேன்.

அவன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"குரு, நான் போறப்ப என்ன எழுதுனேன்னு ஞாபகம் இருக்கா?"

"பேரை எடுக்கச் சொல்லி ஒரு திருத்தம் அனுப்புன."

"ஒரே வரி. என் பேரு இருந்த வரியை எடுத்து அனுப்புனேன். பதிமூணு வருசம் கூட இருந்தவன் போறானேன்னு நீ ஏதாச்சும் எழுதுவேன்னு பாத்துட்டு இருந்தேன். நீ என்ன எழுதுன?"

எனக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

"'ஒரு காலி வரி மிச்சம் இருக்கிறது, சரிசெய்து மறுபடி அனுப்பவும்'னு எழுதுன. நான் சரி பண்ணி மறுபடி அனுப்புனேன். அப்புறம் 'பார்த்தேன்'னு போட்ட."

"காலி வரி இருந்தா சொல்லத்தான வேணும்?"

"சொல்லத்தான் வேணும்" என்றான். சிரித்தான். டீக்கு அவனே கொடுத்தான். "வீட்ல எல்லாரும் சௌக்கியந்தான? சுலோசனாவைக் கேட்டதாச் சொல்லு." அதோடு எழுந்துவிட்டான்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். காலி வரி இருந்திருக்கிறது. அது தப்புத்தான். இருந்தாலும்.

ஜூன் 25, புதன்

பூங்கொடி மறுபடி அழைத்தார். நேற்று மாலை மின்வெட்டு. இந்தத் தடவை ஒரு கல்லூரி முகாமில் பதிந்த முப்பத்தொரு பேர் போய்விட்டார்கள். அதில் இரண்டு பேர் அபூர்வ வகை ரத்தம். அந்த வகைக்காகக் காத்திருந்த தர்ஷினி என்கிற ஏழு வயதுக் குழந்தைக்கு இன்று ஏற்றியிருக்க வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அலைந்து, கல்லூரியில் கேட்டு, வகுப்பு வகுப்பாகப் போய்த் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"கொழந்தை வெளுத்துப் போயிக் கெடக்குதுங்க சார். படி ஏற முடியலீங்க. அவங்கப்பா தூக்கிட்டு வர்றாருங்க."

வேறு யாரும் கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

"நீங்க சரி பண்ணிப்போட்டேன்னீங்களே சார். எங்களுக்கு மட்டும் அனுப்புங்களேன். நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோமுங்க."

இன்னொருவர் பார்க்காமல் அனுப்ப முடியாது என்றேன். விதியை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த இன்னொருத்தரு எங்கீங்க சார் இருக்கறாங்க?"

நாகர்கோவில் என்றேன்.

"நான் வேணும்னா பேசிப் பாக்கட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூன் 27, வெள்ளி

தர்ஷினிக்கு இன்று காலை ரத்தம் கிடைத்துவிட்டது. பூங்கொடி குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். இரண்டு நாள் தாமதம். கும்பிட்டேன். எந்தச் சாமியை என்று தெரியாமல் பொதுவாகக் கும்பிட்டேன்.

சாப்பிடும்போது சாம்பாரில் உப்பு கம்மி என்றேன். "அதுக்கு ரெண்டாவது கை வேண்டாமுங்களா? பக்கத்து வீட்டக்காளையும் கூப்படறேன், ருசி பாத்து 'பார்த்தேன்'னு போடட்டும்" என்றாள் சுலோசனா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை போலிருக்கிறது. தட்டைக் கழுவிக்கொண்டே திரும்பாமல் கேட்டாள்:

"அந்த நாகர்கோயில் பொண்ணு பதில் போட்டுச்சா?"

"இல்ல. அதுக்கு வேலை இருக்கும்."

"வேலையாமா! டிசம்பர்ல நான் வாசல்ல பேரு எழுதிட்டு உக்காந்திருந்தனே, ஞாபகம் இருக்குதா? உள்ள எல்லாரும் சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. செத்த நேரத்துல அந்தப் பொண்ணு வெளிய வந்து குழாயைத் தொறந்து மொகத்தக் கழுவுச்சு. கழுவிட்டே நின்னுச்சு. கூட அதோட மக. ஆறு வயசு இருக்கும். 'ஏம்மா எல்லாரும் உன்னையப் பாத்துச் சிரிக்காங்க'ன்னு கேட்டுச்சு. மககிட்ட இவ என்ன சொல்லுவா? 'நல்ல ஜோக்கு மக்களே'ன்னா."

"நீ ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சனுங்க" என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

என் திருத்தத்தைப் போட்டு மறுபடி பிளக்கைப் பிடுங்கினேன். இருபது தடவையும் பதிவு இருந்தது. சந்தோஷத்தில் நிறுத்தியிருப்பேன். கை சும்மா இருக்காமல் இன்னும் இருபது பிடுங்கினேன். முப்பத்து மூன்றாவது தடவை பதிவேடே திறக்கவில்லை. கடைசிப் பதிவு மட்டும் போவது பழைய கோளாறு. என் சாமர்த்தியத்தில் எல்லாமே போகிறது.

இதைப் பூங்கொடிக்கு அனுப்பியிருந்தால் ஒன்பது வருடப் பதிவேடும் போயிருக்கும். விதிதான் காப்பாற்றியது. ஆனால் விதியைச் சொல்லிச் சந்தோஷப்படவும் முடியவில்லை. இதை ரெஜினா பார்த்திருந்தால் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்திருப்பாள்.

பிற்பகல் மடற்குழுவின் பழைய கடிதங்களைத் திறந்தேன். ரெஜினா டிசம்பரில் வைத்த திருத்தத்தின் தலைப்பு: "மின்சாரம் போனாலும் சொன்ன சொல் போகக் கூடாது." டிஸ்க் 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்கிற வரை காத்திருந்து, அதன் பிறகே 'சேமித்தாயிற்று' என்று சொல்வது. அவ்வளவுதான். பதினோரு வரி. கொஞ்சம் வேகம் குறையும். திரும்பப் பெறப்பட்டது என்று கீழே ஒரு குறிப்பு.

அதைப் போட்டு அறுபது தடவை பிடுங்கினேன். அறுபது தடவையும் பதிவு இருந்தது.

ஜூன் 31

இல்லாத நாள். இதில் எழுதுவதை யாரும் கணக்கில் எடுக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

டிசம்பரில் நடந்தது விமர்சனம் இல்லை. அவள் திருத்தத்தைத் திரையில் போட்டு வரிவரியாகப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நையாண்டி. "ஒவ்வொரு பதிவுக்கும் டிஸ்க் முன்னால் கைகட்டி நின்று 'ஐயா, உத்தரவு?' என்று கேட்கிற டேட்டாபேஸ்" என்றேன். கூட்டம் சிரித்தது. சிரிப்பு வந்ததும் எனக்கு ருசி கண்டுவிட்டது. எழுந்து நின்று கைகட்டிக் காட்டினேன். இன்னும் சிரித்தார்கள். அவள் மேடை ஓரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பதில் சொல்ல நேரம் வரும் என்று நின்றுகொண்டிருந்தாள். நான் நேரம் கொடுக்கவில்லை. "அடுத்து" என்றேன்.

முன்வரிசையில் ஒரு சிறு பெண் இருந்தது எனக்குத் தெரியும். இரட்டைச் சடை. பார்த்திருக்கிறேன்.

வேகம் என்று சொன்னதெல்லாம் சாக்கு. 'முதலில் சொல்லிவிட்டுப் பிறகு எழுதுவது' என்கிற அந்தப் பழைய ஏற்பாடு பதினாறு வருடத்துக்கு முன் நான் செய்தது. அதைத் தப்பு என்று சொன்ன முதல் ஆள் அவள். எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு நான் 'பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் ஈரோட்டில் ஒரு பெயரும் போயிருக்காது. அந்தக் குழந்தை படியேறியிருக்கும்.

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

ஜூலை 4, வெள்ளி

ரெஜினாவுக்கு நேற்று கடிதம் எழுதினேன். இன்று மத்தியானம் நானே அழைத்தேன். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"சொல்லுங்க அண்ணே."

நிறைய யோசித்து வைத்திருந்தேன். சொன்னது மூன்று வரி. "டிசம்பர்ல நான் பண்ணுனது தப்புங்க ரெஜினா. திருத்தம் சரி. நான்தான் தப்பு" என்றேன்.

"சரிண்ணே."

பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"கோவமா?"

"இல்லண்ணே. முதல்ல இருந்துச்சு. பொறவு மடுத்துட்டு, சலிச்சுப் போச்சு. நீங்க சொன்னதுல ஏதும் நியாயம் இருக்கான்னு நாலு மாசம் உக்காந்து பாத்தேன். ஒண்ணும் இல்ல, எனக்க பேட்ச் சரிதான். சரின்னு தெரிஞ்ச பொறவும் அதத் தொறந்து பாக்க மனசு வரல, பாத்துக்கிடுங்க."

ஈரோட்டு விஷயத்தைச் சொன்னேன். தர்ஷினியைச் சொன்னேன். குக்கரை அணைக்கிற சத்தம் கேட்டது.

"பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்ல."

"அந்தப் பேட்ச்ச மறுபடி அனுப்புதேன். திங்கக்கிழமை. பொறவு என்னைய விட்டுரணும் அண்ணே."

விட்டுவிடுகிறேன் என்றேன். அவள் சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

காலை பத்தேகாலுக்கு ரெஜினாவிடமிருந்து இரண்டு திருத்தங்கள்.

ஒன்று, அந்தப் பதினோரு வரி. படித்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை. 'பார்த்தேன்' என்று போட்டேன். உள்ளே போயிற்று. கம்பெனிக் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இரண்டாவது, பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுப்பதற்கு.

ஜூலை 8, செவ்வாய்

புதிய வெளியீடு போட்டாயிற்று. பூங்கொடிக்கு உடனே அழைத்தேன்.

"ரொம்பச் சந்தோசமுங்க சார். ஆனா..." என்று இழுத்தார். போன வாரமே ஒரு கம்பெனிச் சேவைக்கு மாறிவிட்டார்கள். அறங்காவலர்கள் முடிவு. "ஒம்பது வருசம் நீங்க ஓசியாக் குடுத்தீங்க சார், அதை மறக்க மாட்டோமுங்க. ஆனா கொழந்தைங்க விசயம் பாருங்க."

"நீங்க செஞ்சது சரிங்க" என்றேன். நிஜமாகவே சரி. மாறாமல் இருந்திருந்தால் நானே திட்டியிருப்பேன்.

மாலை வரை புதிய வெளியீட்டை எடுத்துப் போட்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் நான்.

ஜூலை 10, வியாழன்

இரண்டாவது திருத்தம் அப்படியே இருக்கிறது. நான் 'பார்த்தேன்' என்று போட்டால் பட்டியலில் ஒரே பெயர் மிஞ்சும். இரண்டு கை இல்லாமல் எதுவும் உள்ளே போகாது. புது ஆளைச் சேர்க்க முடியாது. விதியை மாற்றவும் முடியாது. பதினாறு வருடத்துக்கு முன் இந்த விதியை எழுதியபோது ஐந்து பேர் இருந்தோம், மேஜை நிறைய டீ கிளாஸ். ஒருவன் மட்டும் மிஞ்சுவான் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பிழை தேடுவதில் நான் புலி. இந்தப் பிழை என் கண்ணில் படவில்லை.

நகல் எடுத்து வேறு பெயரில் நடத்தலாம். நிரலைத் திறந்து வைக்கிற திறமூலம் என்றால் அந்தச் சுதந்திரம் எல்லாருக்கும் உண்டு. நடத்தலாம், யாரோடு?

ஒரு வழி இருக்கிறது. ரெஜினா பெயர் பட்டியலில் இருக்கும்போதே மூன்றாவது ஆள் ஒருவரைப் பிடித்துவிட்டால், அவரைச் சேர்க்க மட்டும் அவளிடம் ஒரு 'பார்த்தேன்' கேட்கலாம். விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் ஒன்றே ஒன்று. நாளை மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை. மடற்குழுவில் இரண்டு தடவை அறிவிப்புப் போட்டேன். தெரிந்த எல்லாருக்கும் தனித்தனியாகவும் அனுப்பினேன்.

ஜூலை 12, சனி

பத்து நாற்காலி போட்டேன். பத்து தேங்காய் பன். மூன்று மணி. மூன்றரை. நாலு.

நாலேகாலுக்குப் படியேறி வருகிற சத்தம் கேட்டது. எழுந்து நின்றுவிட்டேன். ஒரு பெண்மணி எட்டிப் பார்த்து, "சார், டைப்ரைட்டிங் லோயருக்கு அட்மிசன் இங்கதானுங்களா?" என்றார். திங்கட்கிழமை கீழே கேளுங்கள் என்றேன். ஒரு பன் கொடுத்தேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு நாற்காலிகளை அடுக்கிவிட்டுச் சாவியைக் கீழே கொடுத்தேன். அடுத்த மாதம் முதல் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஏனுங்க, எங்காச்சும் பெரிய எடமாப் பாத்துட்டீங்களா?" என்றார் பயிலகக்காரர். ஆமாம் என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

ரெஜினாவிடமிருந்து ஒரு வரி: "அண்ணே, ரெண்டாவதைப் பாத்தாச்சா?"

பதில் எழுதவில்லை.

உண்மையைச் சொன்னால் எட்டு நாளாக அதில் பிழை தேடிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் திருப்பி அனுப்பலாம். 'சரிசெய்து மறுபடி அனுப்பவும்' என்றால் அவளுக்கு ஒரு வாரம் ஆகும். மறுபடி ஒரு பிழை, இன்னொரு வாரம். அவளாகச் சலித்து விட்டுவிடலாம். பெயர் பட்டியலில் இருந்துவிடும். இது எனக்குக் கை வந்த கலை.

ஜூலை 18, வெள்ளி

பிழை கிடைத்துவிட்டது.

அவள் பெயர் இருந்த இடத்தில் ஒரு காலி வரி மிச்சம் இருக்கிறது. ஜமாலுதீன் விட்டுப்போன அதே மாதிரி. பத்து நாளாக அந்தத் திருத்தத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்று காலைதான் கண்ணில் பட்டது. அவசரத்தில் விட்டிருப்பாள். இல்லை, நான் என்ன செய்கிறேன் பார்க்கலாம் என்றே விட்டாளோ, தெரியாது.

கீழே எழுத ஆரம்பித்தேன். 'ஒரு காலி' வரைக்கும் எழுதிவிட்டேன். கை அதுவாக எழுதுகிறது.

சுலோசனா காப்பி கொண்டுவந்து வைத்தாள். திரையைப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒன்றும் புரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்து, "விட்டர்றேன்னு சொன்னீங்களாமா?" என்றாள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"நான்தான் அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டேன். நீங்க ஆறு மாசத்துக்கு முன்னாடி போட்டிருக்கோணும்."

எழுதியதை அழித்தேன். 'பார்த்தேன்' என்று போட்டேன். அதற்கு மேல் ஒரு எழுத்தும் போடவில்லை. ரெஜினா இத்தனை வருடத்தில் அனுப்பிய எந்தத் திருத்தத்துக்கும் நான் குறை சொல்லாமல் போட்டதில்லை, அந்தப் பதினோரு வரியையும் இதையும் தவிர.

காலி வரி அப்படியே இருக்கிறது. இனி அதை எடுக்க யாராலும் முடியாது.

ஜூலை 19, சனி

தண்ணீர் வந்தது. தொட்டி கழுவினேன்.

ஜூலை 27, ஞாயிறு

ராஜபாளையத்திலிருந்து ஒரு திருத்தம் வந்திருக்கிறது. அனுப்பியவர் பெயர் வேல்விழி, ஒரு கல்லூரி ஆசிரியை. பதினான்கு மாதத்தில் வெளியாள் அனுப்பிய முதல் திருத்தம். ரெஜினாவின் பதினோரு வரியால் குறைந்த வேகத்தை, சொன்ன சொல் போகாமலே பாதிக்கு மேல் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். பல பதிவுகளைச் சேர்த்து ஒரே தடவையில் டிஸ்க்கிடம் கொடுத்து, அது வாங்கிக்கொண்ட பிறகு எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்வது. நான் ஜூனில் சாமர்த்தியம் காட்டிச் செய்ய முயன்று கெடுத்தது இதைத்தான். எழுபது தடவை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றும் போகவில்லை.

கூடவே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்:

"வணக்கம் ஐயா. முதல் முறையாக அனுப்புகிறேன். உங்கள் ஆண்டுக் கூட்டத்தின் காணொளியைப் பார்த்தேன். ஆறு மாதமாக உங்களுக்கு ஏதும் அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்தேன். தவறு இருந்தால் தனியாகச் சொல்லுங்கள், எல்லார் முன்னாலும் வேண்டாம்."

அந்தக் காணொளியைப் போட்டவன் நான். அதில் எல்லாரும் சிரிக்கிற இடம் ஏழாவது நிமிடம். இத்தனை நாள் அது அங்கேயே இருந்திருக்கிறது, எத்தனை பேர் பார்த்துவிட்டு அனுப்பாமல் இருந்தார்களோ. எடுத்துவிட்டேன். அதற்கு யார் கையும் தேவைப்படவில்லை.

வேல்விழிக்குப் பதில் எழுத நாள் முழுக்க ஆயிற்று. இரண்டு கை கேட்கிற பட்டியலைத் திறந்து திறந்து பார்த்தேன். என் பெயர், அதன் கீழே ஒரு காலி வரி.

கடைசியில் எழுதி அனுப்பியது இவ்வளவுதான்:

"பார்த்தேன் அம்மா. ஒரு தவறும் இல்லை. எங்களால் இதை எடுத்துக்கொள்ள முடியாது."